எதிர் வீட்டில் வைத்த பரஸ்தானம்

2023 ஜூன், இரண்டாம் வாரம், புதன்கிழமை. காலையில் பயணப் பை ஒன்று எங்கள் வீட்டிலிருந்து எதிர் வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்கப்பட்டது. வைத்தவள் என் மனைவி. செல்ல வேண்டிய இடம்: இடுக்கி மாவட்டம், ஏலப்பாறை.

ஜூலை. மழை மிகுதி. மலைப்பாதைகளில் மண்சரிவு எச்சரிக்கை. பயணம் தள்ளிவைக்கப்பட்டது.

ஆகஸ்ட். எனக்குக் கண்புரை அறுவை. பயணம் தள்ளிவைக்கப்பட்டது.

செப்டம்பர். கோயம்புத்தூர்ப் பதிப்பகம் அவளுடைய சிறுவர் நாவலின் அச்சுப்படியை அனுப்பியது. கடைசி அத்தியாயம் அவளிடமிருந்து இன்னும் போகவில்லை.

அக்டோபர், முதல் சனிக்கிழமை. பிற்பகலில் சமையலறையில் விழுந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. திங்கட்கிழமை காலை மருத்துவமனையில் இறந்தாள்.

2024 பிப்ரவரி. பை எதிர் வீட்டிலேயே இருந்தது.

மேலே உள்ளவற்றுள் விளக்கம் வேண்டுவது முதல் பதிவு மட்டுமே. மற்றவை எல்லா வீடுகளிலும் நடப்பவை.

பல தலைமுறைகளுக்கு முன் பாலக்காட்டில் வந்து தங்கிவிட்ட எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களில் பரஸ்தானம் என்றொரு வழக்கம் உண்டு. ஒருவர் வெளியூர் போக வேண்டும். நல்ல நேரம் புதன்கிழமை காலையில் வருகிறது. அன்று அவரால் கிளம்ப இயலாது. அப்போது அந்த நேரத்துக்குப் பையை மட்டும் எடுத்துச் சென்று வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். பை வாசற்படியைத் தாண்டிவிட்டதால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கொள்ளப்படும். ஆள் பிறகு ராகுகாலத்தில்கூடக் கிளம்பலாம். போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டால் போதும். குறிப்பிட்ட நாட்களுக்குள் கிளம்பாவிட்டால் வைத்தது செல்லாது என்றும் பெரியவர்கள் சொல்வதுண்டு. என் மனைவி வழக்கத்தின் முற்பகுதியை மட்டும் ஏற்றுக்கொண்டவள்.

அவள் அதைப் பயணங்களோடு நிறுத்தவும் இல்லை. ஒரு கதை எழுதத் தோன்றினால் பஞ்சாங்கம் பார்ப்பாள். குறித்த நேரத்தில் உட்கார்ந்து தலைப்பையும் முதல் வரியையும் எழுதுவாள். தாளை மடித்து அரிசி டின்னின்மேல் வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். "பரஸ்தானம் வெச்சாச்சு" என்பாள். பிறகு வாரக்கணக்கில் அந்தத் தாள் அங்கேயே கிடக்கும். அரிசி எடுக்கும்போது தாளைத் தூக்கிப் பக்கத்தில் வைப்பாள். எடுத்து முடித்ததும் திரும்ப அதே இடத்தில் வைப்பாள். பிரித்துப் பார்க்கமாட்டாள்.

நான் பொறியியல் கல்லூரியில் உற்பத்திப் பொறியியல் கற்பித்தவன். ஒரு தொழிற்கூடத்தில் மிகப்பெரிய நோய் எது என்று ஆண்டுதோறும் முதல் வகுப்பில் மாணவர்களைக் கேட்பேன். பழுதான இயந்திரம் என்பார்கள், சோம்பேறித் தொழிலாளி என்பார்கள். இரண்டும் இல்லை, இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே தரையில் காத்துக் கிடக்கும் பாதி முடிந்த சரக்கு என்பேன். மாலையில் வீட்டுக்கு வந்தால் எங்கு திரும்பினாலும் பாதி முடிந்த சரக்கு. ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர். பாதிச் சுவர்வரை சுண்ணாம்பு. அரிசி டின்னின்மேல் தாள்.

"எழுதறேன்னு சொன்னியே?" என்பேன்.

"எழுதிண்டுதானே இருக்கேன்."

"பயறு பொறுக்கிண்டிருக்கே."

"கை பயறு பொறுக்கறது. அதுக்கு வேற என்ன தெரியும், பாவம்." நிமிர்ந்து பார்க்காமலே சொல்வாள். "ஏன், உங்க பாக்டரியில சங்கு ஊதியாச்சோ?"

என்னை அவள் பாக்டரி என்றுதான் குறிப்பிடுவாள். அவளுடைய தந்தை ஏலப்பாறைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கராக, அதாவது கொழுந்தை வாட்டி, அரைத்து, உலர்த்தித் தூளாக்கும் வேலையின் பொறுப்பாளராக இருந்தவர். பத்து வயதுவரை ஆலைச் சங்கின் ஓசைக்கு எழுந்து, சங்கின் ஓசைக்கு உண்டு வளர்ந்தவள் அவள். தந்தைக்குப் பிறகு அந்தச் சங்கிலிருந்து தப்பித்துவிட்டதாக நினைத்ததாகவும், நேராக வந்து எனக்கு வாழ்க்கைப்பட்டதாகவும் உறவினர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

பணிக்காலம் முழுவதும் நான் ஒரு கட்டுரையைக்கூடக் கெடு தவறி அனுப்பியதில்லை. அலமாரியின் இரண்டு தட்டுகள் நிறைய அவை இருக்கின்றன. ஒருநாள் அவற்றைத் தூசி தட்டிக்கொண்டே அவள் கேட்டாள்: "இதுல ஏதாவது ஒண்ணை யாராவது ரெண்டாம் தரம் வாசிச்சிருப்பாளோ?"

"தேவைப்பட்டவா வாசிச்சிருப்பா."

"சும்மா கேட்டேன். கோவிச்சுக்காதேங்கோ."

கோபமில்லை. அவளுடைய சிறுவர் புத்தகங்கள் எண்ணிக்கையில் சொற்பம். அரசுப் பள்ளி நூலகம் ஒன்றில் அவற்றுள் ஒன்றின் பிரதியைப் பார்த்திருக்கிறேன். அட்டை போய், முனைகள் உருண்டு, நடுவில் யாரோ சாம்பார்க் கையோடு திருப்பிய பக்கம். என் கட்டுரைகள் இன்றும் புத்தம் புதிதாக இருக்கின்றன.

அவள் தள்ளிப்போடுவதைக் காலப்போக்கில் நான் ஒரு முறையாகவே ஏற்றுக்கொண்டேன். அதற்குக் காரணம் இருந்தது. அவள் ஆசிரியையாக இருந்த பள்ளியின் ஆண்டு விழாவுக்கு ஒரு குறுநாடகம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். ராஜா, மந்திரி, தோழன் என்று பாத்திரங்களெல்லாம் முன்பே முடிவாகி, குழந்தைகளின் வீடுகளில் கிரீடம்கூடத் தைத்துவிட்டார்கள். எழுத்து மட்டும் நகரவில்லை. ஒத்திகை நாளின் காலையில் ராஜாவை நீக்கிவிட்டு, ரேஷன் கடைத் தராசைக் கதாநாயகனாக்கினாள். தராசுக்கு வசனமே கிடையாது. ஒரு சிறுமி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு மேடை நடுவில் நின்றாள். வருகிறவர்கள் பேசப் பேச அவள் கைகள் ஏறி இறங்கின. அரங்கம் சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. உரிய நாளில் எழுதியிருந்தால் அது ராஜா நாடகமாகத்தான் இருந்திருக்கும். அன்றிலிருந்து அரிசி டின்னின்மேல் கிடக்கும் தாளை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். ஏதோ பழுத்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். ஓய்வு பெற்றபின் ஒன்றிரண்டு கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசவும் செய்தேன். தாமதம் எல்லாம் வீண் அல்ல, படைப்புக்கு அது அடைகாக்கும் காலம் என்றேன். கைதட்டினார்கள்.

கடைசி நாவலின் கதை இது. தேயிலைத் தோட்டத்து டீமேக்கரின் மகள் ஒருத்தி. வாரம் தவறாமல் கிள்ளுவதால்தான் தேயிலை இடுப்பளவுச் செடியாக நிற்கிறது, விட்டுவிட்டால் அது மரமாகிவிடும் என்று தந்தை ஒருநாள் அவளிடம் சொல்கிறார். அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு செடியையாவது மரமாக்கிப் பார்க்க ஆசை வருகிறது. மலையின் மூலையில் ஒரு செடியைத் தேர்ந்து, அதைக் கொழுந்து கிள்ளுபவர்களிடமிருந்தும் கங்காணியிடமிருந்தும் காப்பாற்றத் தொடங்குகிறாள். அதற்குப் பேய் பிடித்திருப்பதாகக் கதை கட்டுகிறாள். செடியைச் சுற்றி உப்புப் போடுகிறாள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் செடி உயர்கிறது. கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில், தோட்டத்தை வேறொருவர் வாங்கப்போவதாகவும் பார்வையிட ஆட்கள் வருவதாகவும் செய்தி வருகிறது. அங்கே நின்றுவிட்டது.

"அப்புறம் செடி என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"தெரியாது. அங்க போனாத்தான் தெரியும்."

"கதையிலதானே? நீயே ஏதாவது வெக்கலாமே."

"ஏதாவது வெக்கறதுக்கு இது என்ன, ஷெல்ஃபா?"

அந்த வாரம்தான் பை எதிர் வீட்டுக்குப் போனது. தன் தந்தை அந்நாளில் விடுமுறைக்கு ஊர் வந்த பாதையிலேயே, கம்பம் வழியாகக் குமுளி ஏறிப் போக வேண்டும் என்றாள். மழை நிற்கட்டும் என்றாள். என் கண் ஆறட்டும் என்றாள். நான் அவசரப்படுத்தவில்லை. பை வெளியே போய்விட்டது, பயணம் தொடங்கிவிட்டது, இனி உரிய வேளையில் நடக்கும் என்று, வழக்கத்தில் நம்பிக்கையில்லாத நான், முழு மனத்தோடு நம்பினேன்.

அவள் போன பிறகு பதிப்பகத்திலிருந்து அழைத்தார்கள். பதிப்பாசிரியர் நடுத்தர வயதுக்காரர், கண்ணியமானவர். துக்கம் விசாரித்துவிட்டுக் கேட்டார்.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. அம்மா கடைசி அத்தியாயத்தை எங்கியாச்சும் எழுதி வெச்சிருக்காங்களான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். அரிசி டின்னின்மேலும், தைலப் பெட்டியிலும், தலையணை உறைகளுக்குள்ளும் பார்த்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தேடுவதற்கு வேறு யாரும் இல்லை. ஒரு வரிகூட எங்குமில்லை. எதிர் வீட்டுப் பையில் இருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் போய் வாங்கவில்லை.

பிப்ரவரியில் எதிர் வீட்டுப் பெண்மணியே வந்தார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். என் மனைவிக்கு நாள்தோறும் பேச்சுத் துணை. வாசலிலேயே நின்றார்.

"மாமா, நான் பறயப்படாது, வாயைத் தெறக்கப்படாதுன்னுதான் இத்தனை நாள் இருந்தேன். மாமியோட பையிலேருந்து வண்டு வர்றது."

"வண்டா?"

"ஆமா, அரிசி வண்டு. முதல்ல எங்காத்து டப்பாவிலேருந்துதான் வர்றதாக்கும்னு எல்லாத்தையும் வெயில்ல கொட்டினேன். எங்க மருமகப்பொண்ணு நான் வீட்டை வெச்சிண்டிருக்கற லட்சணத்தைப் பத்தி ஒரு பிரசங்கமே பண்ணிட்டா."

அவர் வீட்டுக்குப் போனேன். பூஜை அறைக்கு வெளியே மர ஸ்டூலின்மேல், நாலு பக்கமும் மஞ்சள்தூளால் வேலி போட்டது போலக் கோடிட்டு, பை வைக்கப்பட்டிருந்தது. நானே திறந்தேன். உள்ளே ஒரு பழைய போர்வை, சுருட்டி, கனத்துக்காகத் திணித்தது. ஒரு துணி முடிச்சில் அரிசி, அதோடு விரலி மஞ்சளும் கொட்டைப்பாக்கும். வேறொன்றும் இல்லை. புடவை இல்லை, துண்டு இல்லை, அவளுக்கு இரவில் தேவைப்படும் மாத்திரைகள் இல்லை, பேனா இல்லை, தாள் இல்லை.

"உள்ள அவ துணி இருக்கும்னு நெனச்சேன்" என்றேன்.

"நானும்தான். தூக்கினா கனம் இருந்துதே." அவர் முடிச்சை எடுத்து முற்றத்தில் உதறினார். "பரஸ்தானத்துக்கு இது போரும், மாமா. ஒரு பிடி அரிசியும் மஞ்சளும் இருந்தா மதி. நெஜமாப் போறவா பிற்பாடு துணி எடுத்து வெச்சுப்பா."

நிஜமாகப் போகிறவர்கள். அவர் அதை எந்த உட்கருத்தோடும் சொல்லவில்லை.

"இதை நான் ஆத்துக்கு எடுத்துண்டு போறேன்."

"ஐயோ, அது பாடில்லை, கூடாது. போகாத யாத்திரைக்குப் பை உள்ள திரும்பப்படாது. யாராவது போணும். பையாவது போணும்."

அவருடைய நம்பிக்கையோடு வாதிட எனக்குத் தெம்பில்லை. எனக்கென்று வேறு திட்டமும் இல்லை. என்னுடைய இரண்டு சட்டைகளையும் வேட்டியையும் அவர் வீட்டுக்கே கொண்டுவந்து அந்தப் பையில் வைத்து, அங்கிருந்தே ரயில் நிலையத்துக்குப் போனேன். போய்ப் பார்த்து, கடைசி அத்தியாயத்தை நானே எழுதி, புத்தகத்தை வெளியே அனுப்பிவிடுவது என்று தீர்மானம். எஞ்சியிருப்பதில் அது ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்று எனக்குப் பட்டது. முடிக்காவிட்டால் அவள் எழுதிய மற்ற அத்தியாயங்களும் இல்லாமல் போகும்.

பொள்ளாச்சி வழியாகத் திண்டுக்கல். அங்கிருந்து பேருந்தில் தேனி, கம்பம். மாலைக்குள் மலையேறிக் குமுளியில் இறங்கினேன். ஏலக்காய்க் கடைகளின் வாசனை தெருவெங்கும் இருந்தது. ஒரு விடுதியில் தங்கினேன். மறுநாள் குட்டிக்கானம் வரை ஒரு பேருந்து, அங்கிருந்து ஏலப்பாறைக்கு இன்னொன்று. ஏலப்பாறைச் சந்திப்பில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரிடம் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. வண்டியைக் கிளப்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்க யாரைப் பாக்கணும்ய்யா?"

"யாரையும் இல்லை. தேயிலையைப் பார்க்க வேண்டும்."

"தேயிலை பாக்கணும்னா மூணாறுக்குல்ல போவாக! இங்க இருக்கறது மரம்ய்யா. உள்ள யானை நின்னாலும் வெளிய தெரியாது."

"மரத்தைத்தான் பார்க்க வேண்டும்."

"மரம் பாக்க இம்புட்டுத் தூரம் வந்த ஆளை இப்பத்தான் பாக்கேன். ஏறுங்க."

வழியில் மற்றத் தோட்டங்களில் செடிகள் ஒழுங்காக இருந்தன. ஒரு வளைவுக்குப் பின் பச்சை நிறம் மாறியது. வண்டி நின்ற இடத்திலிருந்து மலை முழுவதும் காடு. இறங்கிச் சென்று பார்த்தபோதுதான் அது தேயிலை என்று புரிந்தது. பழைய வரிசையிலேயே நிற்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம், பாசி படிந்த தண்டுகள். மேலே கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதால் அடியில் பகலிலும் இருட்டு. சில கிளைகளில் பூ மிச்சமிருந்தது. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். தேயிலை பூக்கும் என்பதை எழுபது வயதில் முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

ஆலையின் தகரக் கூரை பாதி போயிருந்தது. அதை அடுத்து இருந்த டீமேக்கர் குவார்ட்டர்ஸில் சுவர்கள் மட்டும் இருந்தன. கீழே லயங்களில், தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், சில அறைகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"பூட்டுன பெறகும் போக எடமில்லாதவக இங்கதான் கெடக்காக" என்றார் ஓட்டுநர். "எங்க ஆத்தாகூட இந்த மலையிலதான் கொழுந்து கிள்ளுனாக. பெறகு ஏலத் தோட்டத்துக்கு ஜீப்புல அடைச்சுக் கூட்டிட்டுப் போவாக. இப்ப முட்டி போயிருச்சு, ஊட்லதான்."

"இந்த மரங்களைப் பார்த்தால் அவர் என்ன சொல்வார்?"

"என்ன சொல்லும்? வெறகுக்கு ஆகும்னு சொல்லும். நல்லா நின்னு எரியும்ய்யா, தேயிலை வெறகு."

ஏன் வந்தேன் என்று அவர் கேட்டார். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. என் மனைவி இங்கே வளர்ந்தவள், ஒரு செடியைக் கிள்ளாமல் காப்பாற்றும் சிறுமியைப் பற்றிக் கதை எழுதினாள், முடிவு எழுதுமுன் இறந்துவிட்டாள், அதற்காக வந்தேன் என்றேன். சிறுமி செடியைச் சுற்றி உப்புப் போட்டதைச் சொன்னபோது அவர் சிரித்தார். பிறகு மலையைக் கையால் காட்டினார்.

"முடிவு தேடியா வந்தீக? இங்க முடிஞ்சதுதான்ய்யா மலை மலையாக் கெடக்கு. எம்புட்டு வேணுமோ அள்ளிட்டுப் போங்க."

சொன்ன பிறகு, அதிகம் பேசிவிட்டதாக நினைத்தாரோ என்னவோ, வண்டிக்குப் போய் இருக்கையைத் துணியால் துடைக்கத் தொடங்கினார்.

நான் அங்கே நின்றேன். தோட்டம் பூட்டிக் கிடப்பது அவளுக்குத் தெரியும். வெகுகாலம் முன்பே தெரியும். செய்தித்தாளில் வந்தபோது எனக்கும் படித்துக் காட்டியிருக்கிறாள். நான் அதைத் தேயிலை விலை பற்றிய செய்தியாகக் கேட்டுக்கொண்டேன். அவள் கதையின் சிறுமி ஒரே ஒரு செடிக்காக ஆசைப்பட்டாள். அந்த ஆசை மலை முழுவதும் நிறைவேறி என் முன் நின்றது. ஒரு கொழுந்துகூடக் கிள்ளப்படவில்லை. எல்லாம் மரமாகிப் பூத்திருந்தன. கீழே லயத்தில் அதன் விலையைக் கொடுத்தவர்கள் துணி காயப்போட்டிருந்தார்கள். பத்து வயதுக் குழந்தைகள் படிக்கும் புத்தகத்தில் இதை எப்படி எழுதுவது? வேறு எதை எழுதினாலும் அது பொய். அவளுக்கு முடிவு தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் புடவை வைக்காத பையை எதிர் வீட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

நான் கூட்டங்களில் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. அடைகாக்கும் காலம். எதையும் அவள் அடைகாக்கவில்லை. தராசு நாடகத்தில் தாமதம் அவளுக்கு ஒன்றைக் கொடுத்தது. இங்கே அது ஒன்றின் முகத்தைப் பார்க்காமலிருக்க மட்டும் உதவியது. வெளியிலிருந்து பார்த்த எனக்கு இரண்டும் ஒரே மாதிரி பயறு பொறுக்குவதாகத்தான் தெரிந்தன. அவளுக்காவது வேறுபாடு தெரிந்திருந்ததா என்பதையும் இனி அறிய வழியில்லை.

அன்றே குமுளிக்குத் திரும்பி, மறுநாள் ஊர் வந்து சேர்ந்தேன். பையோடு வீட்டுக்குள் போவதை எதிர் வீட்டுப் பெண்மணி வாசலில் நின்று பார்த்து, நிம்மதியாகத் தலையசைத்தார். அவரைப் பொறுத்தவரை காரியம் முடிந்தது.

கடைசி அத்தியாயத்தை நானே எழுதுவதாகப் பதிப்பகத்துக்குத் தெரிவித்துவிட்டு, எனக்குத் தெரிந்த முறையில் வேலையைத் தொடங்கினேன். காலை காபிக்குப் பிறகு மேசை. நண்பகல்வரை எழுத்து. பிற்பகல் திருத்தம். ஒரு நாள்கூடத் தவறவில்லை. முதல் வடிவத்தில், தோட்டத்தை வாங்க வந்தவர் அந்த ஒரு மரத்தைப் பார்த்து வியந்து, அதைச் சுற்றி மேடை கட்டச் சொல்கிறார். படித்துப் பார்த்தேன். பிழை ஏதும் இல்லை; என் கட்டுரைகளைப் போல இருந்தது. இரண்டாம் வடிவத்தில் தோட்டம் பூட்டப்படுகிறது; சிறுமியின் குடும்பம் வேறு ஊருக்குப் போகிறது; ஆண்டுகள் கழித்து அவள் திரும்பி வந்து மலை முழுவதும் மரமாகி இருப்பதைப் பார்க்கிறாள். அது உண்மை. ஆனால் அந்தச் சிறுமி என் எழுத்தில் ஒரு வார்த்தையும் பேச மறுத்தாள். என் மனைவியின் அத்தியாயங்கள் முழுக்க வாயாடிக்கொண்டு வந்தவள், பேயை உண்டாக்கியவள். என் கைக்கு வந்ததும் மலையைப் பார்த்துக்கொண்டு வெறுமனே நின்றாள். அவளைப் பேசவைக்க என்னென்னவோ செய்தேன். அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் எழுபது வயது ஆண் ஒருவன் பேசுவது.

மார்ச்சில் பதிப்பாசிரியர் மறுபடி அழைத்தார்.

"ஐயா, பள்ளி நூலகத்துக்கு எடுக்கற பட்டியல் இந்த மாசம் முடியுதுங்க. அதுல போகலீன்னா இந்தப் புஸ்தகம் எங்களால இப்போதைக்கு முடியாதுங்க. நீங்க எழுதறேன்னீங்களே, ஆச்சுங்களா?"

"எழுதினேன். அனுப்பத் தக்கதாக இல்லை."

"எதா இருந்தாலும் அனுப்புங்க, நாங்க பாத்துக்கறோம்." அவர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "இல்லாட்டி ஒண்ணு பண்ணலாங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தரு சொன்னாரு. கடைசிப் பக்கத்துல நாலு கோடு போட்டு, 'செடி என்ன ஆயிருக்கும்? நீயே எழுது'ன்னு பயிற்சியா உட்டுறலாம்னு. பசங்களுக்குக் கற்பனை வளரும்னு வாத்தியாருங்களும் விரும்புவாங்க."

அவர் கேலி செய்யவில்லை. புத்தகத்தைக் காப்பாற்றப் பார்த்தார். இணைப்பு அறுந்துவிட்டதா என்று கேட்டார்.

"இருக்கிறேன்" என்றேன். "ஒரு வாரம் கொடுங்கள்."

வாழ்நாளில் நான் யாரிடமும் அவகாசம் கேட்டதில்லை. அந்தச் சொற்கள் எவ்வளவு எளிதாக வாயில் வந்தன என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

அந்த வாரத்தில் நான் செய்தவை: புத்தக அலமாரியைப் பொருள்வாரியாக மாற்றி அடுக்கினேன். மின்விசிறிகளைத் துடைத்தேன். பயறு வாங்கி வந்து பொறுக்கினேன். அதைச் செய்யும்போது ஏதாவது தோன்றும் என்று பாதி நம்பினேன். எனக்குப் பயறும் கல்லும்தான் தெரிந்தன. நாலு கோடுகளுக்குச் சம்மதம் என்று எழுத ஒருமுறை உட்கார்ந்தேன். எங்கோ ஒரு வகுப்பறையில், மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளையில், குழந்தைகள் அந்தக் கோடுகளை நிரப்புவதை மனத்தில் பார்த்தேன். யாராவது ஒரு குழந்தை நல்ல முடிவாக எழுதக்கூடும். அதை என் மனைவி படிக்கமாட்டாள். எழுதாமல் எழுந்துவிட்டேன்.

துக்கம் விசாரிக்க வந்த நண்பர் ஒருவர், அந்த அத்தியாயம் எழுதப்படாமல் இருக்கும்வரை அவள் எங்கோ உட்கார்ந்து அதை யோசித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளும்படி சொன்னார். அன்போடுதான் சொன்னார். என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. எழுதப்படாத அத்தியாயத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அது எழுதப்படவில்லை, அவ்வளவுதான். நல்ல நேரத்தில் தொடங்கிய ஒன்று தொடங்கியதோடு நின்றுபோயிற்று. இதைத் தள்ளிப்போடுவதால் எனக்குள் எதுவும் பழுக்கவில்லை. உரிய நேரத்தில் செய்ததாலும் எதுவும் உயிர் பெறவில்லை. நாற்பது ஆண்டுகள் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று விளையாட்டாக வாதாடிய வழக்கில், இரண்டு தரப்பும் தோற்றிருக்கின்றன. அதைச் சொல்லிச் சிரிக்க எதிர்த்தரப்பு வீட்டில் இல்லை.

பட்டியலின் கடைசி நாள் நேற்று. பதிப்பகத்திலிருந்து காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் அழைப்பு வந்தது. இரண்டு முறையும் தொலைபேசி மேசையின்மேல், என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகம் இந்த ஆண்டு வராது. அடுத்த ஆண்டு அவர்கள் என்னை அழைப்பார்கள் என்று எண்ண எனக்குக் காரணம் ஏதும் இல்லை.

செய்யாமல் இருப்பவை:

பதிப்பாசிரியருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுவது. அச்சுப்படியைத் திருப்பி அனுப்புவது.

கண்ணாடிக் கடையில் புதிய வில்லை போடக் கொடுத்திருந்த அவளுடைய மூக்குக்கண்ணாடியை வாங்கி வருவது. தயாராக இருப்பதாகச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது.

ரேஷன் கார்டிலிருந்து ஒரு பெயரை நீக்க விண்ணப்பிப்பது.

மேசையில் உள்ள இரண்டு வடிவங்களையும் கிழித்துப்போடுவது.

மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் சொல்வது.